கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அட்மின் அனுமதி கேட்கும் புரோகிராம்களை என்ன செய்வது?

எங்கள் தெருமுனையில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கேதான் தயாராகும். காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை மங்கி, 'இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். 'யெஸ்' கொடுத்தால் அடுத்த பெட்டி வரும், அதற்கும் யெஸ் கொடுத்தால் மூன்றாவது. கடைக்கார அண்ணன் ஒன்றையும் படிப்பதில்லை, ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையால் யெஸ், யெஸ், யெஸ். "தம்பி, தினமும் இதே ரோதனையா இருக்கு, மொத்தமா நிறுத்திக் குடுத்துடு" என்றார்.

மொத்தமாக நிறுத்துவது ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் அதை நான் செய்யவில்லை, நீங்களும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மூன்று பெட்டிகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன, மூன்றையும் வேறு வேறு விதமாகத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. உங்கள் கம்ப்யூட்டரிலும் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

அந்தப் பெட்டி எதற்கு வருகிறது

அதன் பெயர் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதற்கு முன்னால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டிலும் கடையிலும் பெரும்பாலும் எல்லோரும் அட்மின் கணக்கில்தான் வேலை பார்த்தோம். நாம் திறக்கும் எந்தப் புரோகிராமும் விண்டோஸின் எந்த மூலையிலும் கை வைக்கலாம் என்ற நிலை அப்போது இருந்தது. விஸ்டாவிலிருந்து நீங்கள் அட்மின் கணக்கில் நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகளைத் தயார் செய்கிறது. ஒன்று சாதாரணம், இன்னொன்று முழு அதிகாரம் உள்ளது. நீங்கள் திறக்கும் எல்லாமே சாதாரணச் சீட்டில்தான் ஓடும். ஒரு புரோகிராம் 'எனக்கு முழு அதிகாரம் வேண்டும்' என்று கேட்டால் மட்டும் அந்தப் பெட்டி வரும். திரை மங்குவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் பெட்டி தனியான ஒரு திரையில் இருக்கிறது, பின்னால் ஓடும் வேறு எந்தப் புரோகிராமும் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' பொத்தானை அழுத்திவிட முடியாது.

கன்ட்ரோல் பேனலில் இதற்கு நான்கு நிலைகள் கொண்ட ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதைக் கீழே இழுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பல இடங்களில் சொல்வார்கள். அட்மின் கணக்கில் இருந்துகொண்டு அப்படிச் செய்தால் கேள்வி மட்டும்தான் நிற்கும், அனுமதி நிற்காது. கேட்கிற எல்லாப் புரோகிராமுக்கும், நாளைக்கு மெயிலில் வரும் போலி இன்வாய்ஸ் ஃபைலுக்கும் சேர்த்து, விண்டோஸ் கேட்காமலே முழு அதிகாரம் கொடுத்துவிடும். ஆகவே ஸ்லைடரைத் தொட வேண்டாம்.

முதலில் கேட்பவர் யார் என்று பாருங்கள்

நாளைக் காலை பெட்டி வரும்போது உடனே யெஸ் கொடுக்காமல் அரை நிமிஷம் நில்லுங்கள். மேலே புரோகிராமின் பெயரும் அதை வெளியிட்டவர் பெயரும் இருக்கும். தலைப்புப் பட்டை நீலமாக இருந்தால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. மஞ்சளாக இருந்தால் வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. மஞ்சள் என்றாலே வைரஸ் என்று பயப்பட வேண்டாம், தனி ஆட்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள் பல கையொப்பம் இல்லாமல்தான் வரும். கீழே 'ஷோ மோர் டீடெயில்ஸ்' என்று இருக்கும், அதை அழுத்தினால் அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழு முகவரியும் தெரியும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தத் திரை வரும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்தால் ஓரளவு நிம்மதி. ஆப்டேட்டா, டெம்ப் மாதிரி எந்தப் புரோகிராமும் ஃபைல் போட்டுவைக்கக்கூடிய இடத்தில், வாயில் நுழையாத எழுத்துக் கலவையில் ஒரு பெயரோடு இருந்தால் 'நோ' கொடுத்துவிட்டு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். மற்ற வேலைகளை அதற்கப்புறம் பார்க்கலாம்.

சில நேரம் திரை மங்காது, டாஸ்க்பாரில் ஒரு கேடயப் படம் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். அதுவும் இதே பெட்டிதான், அழுத்தினால் மேலே வரும். இன்னும் சில நேரம் கேள்வியே வராது, புரோகிராமும் திறக்காது, ஸ்டார்ட்அப்பில்தானே போட்டோம், ஏன் ஓடவில்லை என்று நாம் குழம்பிக்கொண்டிருப்போம். அதற்கும் கீழே சொல்லப்போகும் வழியே பொருந்தும்.

அடுத்தது, அந்தப் புரோகிராம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே பத்தித் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்தால் ஒவ்வொன்றின் முழு முகவரியும் ஒரு பத்தியாக வந்துவிடும். போட்டோவில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் இல்லையென்றால் வேறு சில இடங்களில் தேட வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால், முன்பு திறந்திருந்த ஆப்களை மறுபடி திறக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்துப் பாருங்கள். புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரிலும் ஒளிந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி கிடைக்கிறது. விண்டோஸ் எந்தெந்த வழியாகவெல்லாம் புரோகிராம்களைத் தானாகத் திறக்கும் என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டும் இன்னொரு கருவியை நான் பார்த்ததில்லை. அதில் ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். புதிதாகப் பழகுபவர்கள் அதில் எதையும் டெலீட் செய்யாதீர்கள், டிக்கை எடுத்தால் போதும், தேவைப்பட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் பெட்டி: வேண்டாத விருந்தாளி

கடையில் முதலில் வந்த பெட்டி ஒரு பிரிண்டரோடு வந்த அப்டேட்டர். அந்தப் பிரிண்டரை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் அதை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தோம், அப்புறம் செட்டிங்ஸில் அந்த மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்தோம். முடிந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பழைய 32 பிட் புரோகிராம்கள் சிலவற்றில் 'எனக்கு எந்த அளவு அதிகாரம் வேண்டும்' என்ற குறிப்பே இருக்காது. அப்படிப்பட்ட ஃபைலின் பெயரில் இன்ஸ்டால், செட்டப், அப்டேட் போன்ற சொல் இருந்தால், இது ஏதோ இன்ஸ்டாலர் போலிருக்கிறது என்று விண்டோஸே ஊகித்துப் பெட்டியைக் காட்டிவிடும். பெயரை மட்டும் பார்த்து வரும் சந்தேகம் அது. உங்கள் புரோகிராம் அட்மின் எதுவும் கேட்காத சாதாரணமானது, ஆனால் பெயரில் அப்டேட் என்று இருக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது பெட்டி: யாரோ போட்ட டிக்

இதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது, நிறையப் பேருக்கு நடப்பதும் இதுதான். கேட்டது ஒரு தமிழ் தட்டச்சு மென்பொருள். விசையை அழுத்தினால் தமிழ் எழுத்து வர வைப்பது மட்டும்தான் அதன் வேலை, அதற்கு அட்மின் அதிகாரம் எதற்கு?

ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி பகுதியைத் திறந்தேன். 'ரன் திஸ் புரோகிராம் அஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெட்டியில் டிக் இருந்தது. யார் போட்டது என்று கேட்டால், முன்பு வேலை பார்த்த பையன் போட்டதாகச் சொன்னார்கள். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி லாகின் செய்தோம். பெட்டி வரவில்லை. நோட்பேடில் தமிழ் அருமையாக வந்தது. ஆனால் அண்ணன் பத்திரிகை வடிவமைக்கும் பழைய மென்பொருளைத் திறந்து 'திருமண' என்று அடித்தால், திரையில் ஆங்கில எழுத்துகளாக விழுந்தன.

பையன் ஏன் டிக் போட்டான் என்று அப்போதுதான் புரிந்தது. வடிவமைப்பு மென்பொருள் அட்மினாக ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண அதிகாரத்தில் ஓடும் ஒரு புரோகிராம், அட்மின் அதிகாரத்தில் ஓடும் ஜன்னலுக்குள் விசைகளைப் பிடிக்கவோ எழுத்தை அனுப்பவோ விண்டோஸ் விடாது. சின்ன அதிகாரம் உள்ளது பெரிய அதிகாரம் உள்ளதை ஆட்டுவிக்கக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. ஆகவே தட்டச்சு மென்பொருளும் அட்மினாக ஓடினால்தான் அங்கே தமிழ் வரும். பையன் கண்டுபிடித்தது சரிதான், ஆனால் வேர் அங்கே இல்லை. வடிவமைப்பு மென்பொருள் ஏன் அட்மினாக ஓடுகிறது? அது தன் செட்டிங்ஸை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் தன் ஃபோல்டரிலேயே எழுதிவைக்கும் பழைய காலத்து வகை, சாதாரண அதிகாரத்தில் அங்கே எழுத முடியாது.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். வடிவமைப்பு மென்பொருளிலும் அந்த டிக்கை எடுத்துவிட்டு முதலில் சும்மா ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட பழைய 32 பிட் மென்பொருள்கள் தடை செய்யப்பட்ட ஃபோல்டரில் எழுத முயன்றால், விண்டோஸ் அதை உங்கள் ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும், பல நேரம் அதுவே போதும். போதவில்லை, 'செட்டிங்ஸைச் சேமிக்க முடியவில்லை' என்று அடம்பிடிக்கிறது என்றால், எழுதும் இடம் எது என்று கண்டுபிடித்து (சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் மானிட்டரில் 'ஆக்சஸ் டினைட்' வரிகளை மட்டும் வடிகட்டினால் தெரியும்) அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் வழியாகப் போய் யூசர்ஸ் என்ற குழுவுக்கு மாடிஃபை அனுமதி கொடுங்கள். கடையில் அப்படித்தான் செய்தோம், செட்டிங்ஸ் என்றே ஒரு உள் ஃபோல்டர் இருந்தது. மென்பொருளின் மொத்த ஃபோல்டருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அப்படிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் இஎக்ஸ்இ ஃபைலை (புரோகிராமை ஓட்டும் ஃபைல்) யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்.

இரண்டு டிக்கும் போயின, 'திருமண' தமிழிலேயே விழுந்தது, அட்மின் கேள்வியும் நின்றது. டிக்கை எடுக்கப் போனால் அது மங்கலாக, எடுக்க முடியாமல் இருக்கிறது என்றால், அதே இடத்தில் கீழே எல்லாப் பயனர்களுக்குமான அமைப்பை மாற்றும் பொத்தான் இருக்கிறது, டிக் அதற்குள் போடப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டையும் மறக்காதீர்கள்: அதன் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் இன்னொரு அட்மின் டிக் தனியாக உண்டு. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்ட ஷார்ட்கட்டுகளில் இது அடிக்கடி அகப்படும்.

மூன்றாவது பெட்டி: உண்மையிலேயே தேவைப்படுவது

மூன்றாவது, மஞ்சள் பட்டையோடு வந்தது. ஃபேன் வேகத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் ஒரு சின்னக் கருவி. சித்திரை வைகாசியில் அந்தக் கடைக்குள் நாமே உட்கார முடியாது, கம்ப்யூட்டர் சூடாகி அணைந்து போகிறது என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த வகைக் கருவிகள் நேராக வன்பொருளோடு பேசுபவை, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏற்றுபவை. இவற்றுக்கு அட்மின் அதிகாரம் நிஜமாகவே வேண்டும், டிக்கை எடுத்துத் தப்பிக்க முடியாது. இதற்குத்தான் டாஸ்க் ஷெட்யூலர். உங்களுக்குத் தெரிந்த, நம்பகமான ஒரே ஒரு புரோகிராமுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி எழுதிக்கொடுப்பது மாதிரி இது.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. அந்த இஎக்ஸ்இ டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் உங்கள் சாதாரண அதிகாரத்திலேயே எழுதக்கூடிய இடங்கள். அங்கே இருக்கும் ஃபைலுக்குத் தினமும் கேள்வி கேட்காமல் அட்மின் அனுமதி என்று எழுதிவைத்தால், ஏதாவது ஒரு கெட்ட புரோகிராம் அதே பெயரில் தன்னை அங்கே வைத்துக்கொண்டு அடுத்த லாகினில் முழு அதிகாரத்தோடு ஓடிவிடும். ஆகவே முதலில் ஆட்டோரன்ஸில் அதை ரைட் கிளிக் செய்து வைரஸ்டோட்டல் (பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் தளம்) சோதனை பார்த்தேன், பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகு புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஒரு புது ஃபோல்டர் போட்டு அதன் எல்லா ஃபைல்களையும் அங்கே நகர்த்தினேன். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இனி வரிசையாக:

1. பழைய ஸ்டார்ட்அப் பதிவை டாஸ்க் மேனேஜரில் டிஸேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை திறக்கும், பழைய கேள்வியும் வரும்.

2. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, வலது பக்கம் 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். பக்கத்திலேயே 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்றும் இருக்கும், அது வேண்டாம்.

3. ஜெனரல் பகுதியில் ஒரு பெயர் கொடுத்து, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இந்த ஒரு டிக்குக்காகத்தான் இவ்வளவும். அதற்கு மேலே 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்' என்பதே இருக்கட்டும். அடுத்ததாக இருக்கும் 'லாக் ஆன் ஆனாலும் ஆகாவிட்டாலும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் புரோகிராம் ஓடும், ஆனால் அதன் ஜன்னல் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

4. டிரிகர்ஸ் பகுதியில் நியூ கொடுத்து 'அட் லாக் ஆன்' தேர்ந்தெடுங்கள், உங்கள் கணக்கு மட்டும் போதும். அங்கேயே 'டிலே டாஸ்க் ஃபார்' என்பதில் 30 நொடி கொடுத்தால் லாகின் ஆன உடனே எல்லாம் முட்டி மோதாமல் நிதானமாகத் திறக்கும்.

5. ஆக்‌ஷன்ஸ் பகுதியில் நியூ, பிறகு பிரவுஸ் கொடுத்து ஃபைலைக் காட்டுங்கள். 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தில் அது இருக்கும் ஃபோல்டர் முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் ஒட்டுங்கள். பல கருவிகள் தங்கள் செட்டிங்ஸ் ஃபைலை அந்த ஃபோல்டரில்தான் தேடும், இது காலியாக இருந்தால் ஒவ்வொரு நாளும் புதிதாக இன்ஸ்டால் செய்தது போலத் திறக்கும்.

6. கண்டிஷன்ஸ் பகுதியில் கரன்ட் இருந்தால் மட்டும் ஓடு என்பது முன்பே டிக் ஆகி இருக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பதும் அப்படித்தான், அதையும் எடுத்துவிடுங்கள்.

ஓகே கொடுத்துவிட்டு, பட்டியலில் அந்த டாஸ்க்கை ரைட் கிளிக் செய்து ரன் கொடுத்துப் பாருங்கள். திறந்தால் சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள், இதைச் சோதிக்க ரீஸ்டார்ட் தேவையில்லை. திறக்கவில்லையென்றால் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பத்தியைப் பாருங்கள். ஃபைல் கிடைக்கவில்லை என்று இருந்தால் முகவரி தவறு. 'எலிவேஷன்' வேண்டும் என்று இருந்தால் மூன்றாம் படியில் அந்த டிக் விட்டுப்போயிருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டிலோ வேறு எங்கோ 740 என்ற பிழை எண் வந்தாலும் அர்த்தம் இதேதான்.

உங்கள் கணக்கு அட்மின் கணக்கே இல்லை, பெட்டி வரும்போது யெஸ் கேட்காமல் பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் இந்த வழி பலிக்காது. 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பது அந்தக் கணக்குக்கு இருக்கும் அதிகாரத்தில் உச்சம், இல்லாத அதிகாரத்தை அது உண்டாக்காது. அலுவலகக் கம்ப்யூட்டராக இருந்தால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு வைத்துக் கொடுத்திருந்தால் அதை அட்மினாக மாற்றிவிடாதீர்கள், முதல் இரண்டு வழிகளில் தீர்கிறதா என்று பாருங்கள், தீராவிட்டால் அந்தப் புரோகிராமை அந்தக் கணக்கில் ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அட்மினாக ஓடும் புரோகிராமில் இரண்டு சின்ன வித்தியாசங்களைப் பார்ப்பீர்கள். ஃபோல்டரிலிருந்து ஃபைலை இழுத்து அதில் போட முடியாது, சாதாரணமாகத் தெரியும் நெட்வொர்க் டிரைவ்கள் அதற்குள் தெரியாமல் போகலாம். இது கோளாறு இல்லை, முன்னே சொன்ன அதே இரண்டு சீட்டு விஷயம்தான்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய், பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாக 'எலிவேட்டட்' என்ற பத்தியைச் சேருங்கள். கடையில் பார்த்தபோது ஃபேன் கருவிக்கு மட்டும் யெஸ் என்று இருந்தது, தட்டச்சு மென்பொருளுக்கும் வடிவமைப்பு மென்பொருளுக்கும் நோ. அப்படித்தான் இருக்க வேண்டும். மென்பொருள்கள் அப்டேட் ஆகும்போது சில நேரம் தங்கள் பழைய ஸ்டார்ட்அப் பதிவைத் தாங்களே திரும்பப் போட்டுக்கொள்ளும், ஆகவே அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் திடீரென்று பெட்டி வந்தால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலை முதலில் பாருங்கள். அண்ணனிடமும் இதைத்தான் சொல்லிவைத்தேன். போன வாரம் போன் செய்து, "தம்பி, இன்னிக்கு ஒரு பெட்டி வந்துச்சு, நோ குடுத்துட்டு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், வந்து பாரு" என்றார்.